சின்ன வண்டியில் ஓர் இரவு: மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கூடாரம் போட்டுத் தங்குவது எப்படி?

மதுரையில் மாருதி ஜிம்னி, மஹிந்திரா தார் போன்ற சின்ன ஜீப் வகை வண்டிகளை வைத்திருப்பவர்களில் பலர், கியர் கம்பிக்குப் பக்கத்தில் நின்று, நான்கு சக்கரங்களையும் இழுக்க வைக்கும் அந்த இன்னொரு குட்டிக் கம்பியை வண்டி வாங்கிய நாளிலிருந்து தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். பழைய மாருதி ஜிப்சி வைத்திருப்பவர்கள் பரவாயில்லை. அவர்கள் தொட்டிருப்பார்கள், அது துருப்பிடித்து இறுகிப்போயிருப்பதையும் அறிந்திருப்பார்கள். இந்த வழிகாட்டி அவர்கள் எல்லோருக்குமானது. சனிக்கிழமை மதியம் புறப்பட்டு, நகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் ஓர் இரவை வெட்டவெளியில் கழித்துவிட்டு, ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவதுதான் இங்கே பேசப்படும் பயணம். முதல்முறை செல்பவர்கள் அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

முதலில் இடத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பயணங்கள் கெட்டுப்போவது அங்கேதான். காணொளிகளில் வெளிநாட்டுக்காரர்கள் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்திக் கூடாரம் விரிப்பதைப் பார்த்துவிட்டு, நம் ஊரிலும் அப்படிச் செய்யலாம் என்று கிளம்பக் கூடாது. இங்கே கேட்பாரற்ற நிலம் என்று ஒரு சென்ட்கூடக் கிடையாது. அழகர்மலை, சிறுமலை ஆகியவற்றின் சரிவுகளில் கணிசமான பகுதி காப்புக்காடு. அனுமதியின்றி உள்ளே நுழைவதே குற்றம், இரவில் தங்குவது அதைவிடப் பெரிய குற்றம். சாப்டூர், சதுரகிரிப் பக்கமுள்ள காடு 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது என்பதால் அந்த எண்ணமே வேண்டாம். 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி, பகலில் காலால் நடந்து பார்ப்பதற்கு உரிய இடமே தவிர, சக்கரத்துக்கும் கூடாரத்துக்கும் உரியதன்று. வைகையின் மணற்பரப்பு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அணையில் தண்ணீர் திறந்தால் இரவோடு இரவாக வந்து சேரும், மேலே மலையில் பெய்த மழை கீழே ஓடையில் படுத்திருப்பவனுக்குத் தெரியாது. கோயில் காடுகளைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஊர்க்காரர்கள் காய்ந்த சுள்ளியைக்கூட ஒடிக்காத இடத்தில் நாம் டயர் தடம் பதிக்கலாகாது.

மிஞ்சுவது பட்டா நிலம். நத்தம் பக்கத்து மாந்தோப்புகள், வாடிப்பட்டி பக்கத்துத் தென்னந்தோப்புகள், உசிலம்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்தில் தரிசாகக் கிடக்கும் புன்செய்க் காடுகள் என்று, உரிமையாளர் சம்மதித்தால் தங்கக்கூடிய இடங்கள் நிறையவே உள்ளன. ஒரு வாரம் முன்னதாகவே பகலில் போய்ப் பார்த்துவர வேண்டும். ஊர் முக்கில் இருக்கும் டீக்கடையில் விசாரித்தால் தோப்புக்காரர் யார், அவர் எங்கே இருப்பார் என்பது ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தெரிந்துவிடும். தோப்பைக் காட்டுபவர் உண்மையிலேயே உரிமையாளர்தானா என்று ஐயம் எழுந்தால், புல எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் இணையதளத்தில் பட்டாவையும் 'அ' பதிவேட்டையும் பார்த்துக்கொள்ளலாம். அது புறம்போக்கா, தனியார் நிலமா என்பது அதிலேயே இருக்கும். எத்தனை வண்டி, எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவோம், எப்போது போவோம் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். சென்ற முறை எங்களுக்கு இடம் கொடுத்த பெரியவர் வாடகையைப் பற்றிப் பேசவே இல்லை. "தங்குங்க தம்பி, பாட்டில மட்டும் உடைச்சுப் போட்டுறாதீங்க, அம்புட்டுத்தான்" என்றார். வெறுங்காலோடு உழவு வேலை பார்க்கும் ஒருவர் அதை எத்தனை அனுபவத்துக்குப் பிறகு சொல்லியிருப்பார் என்பதை நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

உரிமையாளரிடம் அனுமதியோடு மூன்று செய்திகளையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சுற்றியுள்ள கிணறுகள் எங்கே இருக்கின்றன என்பது முதலாவது. நம் பக்கத்துப் பழைய பாசனக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவரே கிடையாது, தரை மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு, சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கும். இரவில் முகப்பு விளக்கு வெளிச்சத்தில் அது வெறும் புதராகவே தெரியும். மேலூர் பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளங்களும் அதே வகை, ஆழம் மட்டும் பல மடங்கு. பக்கத்து நிலத்தில் காட்டுப்பன்றிக்காக யாராவது கம்பி வேலியில் மின்சாரம் விட்டிருக்கிறார்களா என்பது இரண்டாவது. அது சட்டவிரோதம்தான், ஆனாலும் மலையடிவாரத்தில் அது நடக்கிறது, ஆள் சாகிறது. நிலத்தில் கடைசியாக எப்போது தண்ணீர் பாய்ந்தது என்பது மூன்றாவது. இந்தக் கேள்விக்கான காரணத்தை நான் அனுபவப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

காலம் என்று பார்த்தால் தை பிறந்ததிலிருந்து மாசி பாதி வரைதான் உகந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. பங்குனிக்கு மேல் வெயிலும் காட்டுத்தீயும். தையிலும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் சல்லிக்கட்டு நடக்கும் பொங்கல் நாட்களை விட்டுவிட்டால் சாலைகள் காலியாகக் கிடைக்கும்.

வண்டியைப் பொறுத்தவரை, சின்ன வண்டியின் பலமும் பலவீனமும் அதன் எடையிலேயே இருக்கின்றன. ஜிம்னியின் எடை ஏறத்தாழ 1200 கிலோ. வண்டியோடு ஆளும் பொருளும் சேர்ந்த மொத்த எடையின் உச்ச வரம்பு 1545 கிலோ. நான்கு பேர் ஏறினால், தலைக்கு 70 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் 280 கிலோ போய்விடும். கூடாரம், அடுப்பு, தண்ணீர், கருவிகள் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 65 கிலோ மட்டுமே. 20 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றே 20 கிலோ என்பதை நினைவில் வைத்தால் கணக்கு எங்கே உதைக்கிறது என்பது விளங்கும். பின்னிருக்கை நிமிர்ந்திருக்கும்போது சாமான் வைக்கும் இடமும் 208 லிட்டர்தான். ஆகவே வண்டிக்கு இரண்டு பேர், இரண்டு வண்டி என்பதே சரியான அளவு. மிச்சத்தைக் கூரைமேல் ஏற்றிக் கட்டிவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். குறுகலான, உயரமான இந்த வண்டியின் தலையில் பாரத்தை ஏற்றினால், பக்கச் சரிவில் அது கவிழ்வதற்குத் தேவையான கோணம் குறைந்துகொண்டே வரும். கூரைக்குப் படுக்கையும் கூடாரத் துணியும் போன்ற இலகுவான பொருட்கள் போதும், தண்ணீரும் கருவிகளும் தரைமட்டத்தில், முன்னிருக்கைக்குப் பின்னால் ஒட்டி இருக்க வேண்டும்.

இரண்டாவது வண்டி துணைக்கு மட்டுமல்ல. ஒன்று மாட்டிக்கொண்டால் இழுக்க இன்னொன்று வேண்டும். ஒற்றை வண்டியில் செல்வதானால் தார்ச் சாலையிலிருந்து நடந்து திரும்பக்கூடிய தூரத்துக்கு மேல் உள்ளே போகாதீர்கள்.

எடுத்துச் செல்ல வேண்டிய கருவிகளில் விலை குறைந்தவைதான் அதிகம் உதவுகின்றன. ஒரு மண்வெட்டி, ஒரு சிறிய கடப்பாரை, நான்கு கோணிச் சாக்கு, ஜாக்கி மண்ணில் புதையாமல் இருக்க அடியில் வைக்க ஒரு கனமான பலகை, காற்றழுத்தமானி, பேட்டரியில் நேரடியாக மாட்டும் காற்றடிக்கும் கருவி, டியூப்லெஸ் பஞ்சர் கிட், நல்ல இழுகயிறு, அதை மாட்டச் சரியான கொக்கி என்று முடித்துவிடலாம். பஞ்சர் கிட்டில் ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரி நிறைய இருக்கட்டும். சீமைக்கருவேல முள் நம் மாவட்டத்தின் பொதுச் சொத்து. தடத்தில் வெட்டிப் போட்ட கருவேல விறகுக் கட்டைகளின் ஓரமாகப் போனால் ஒரே டயரில் மூன்று முள் ஏறும். ஏறிய முள்ளைக் கண்டவுடன் பிடுங்கிவிடத் தோன்றும். காற்று இறங்காதவரை அதைத் தொடாமல், முகாமுக்கு வந்து, திரியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு பிடுங்குவதே புத்திசாலித்தனம்.

இனி ஓட்டும் முறை. தார்ச் சாலையில் எப்போதும் டூ எச், அதாவது பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை. நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஃபோர் எச், இந்த வகை வண்டிகளில் முன் அச்சையும் பின் அச்சையும் இறுகப் பிணைத்துவிடுகிறது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டியிருக்க, தாரில் வழுக்க இடமில்லாமல் அந்த வேறுபாடு முழுவதும் பற்சக்கரங்களின் மேல் இறுக்கமாக ஏறும். மண்ணில் டயர் சற்றே வழுக்கிக்கொடுப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. மண் பாதை தொடங்கும் இடத்தில், மாட்டிக்கொண்ட பிறகு என்று காத்திராமல், முன்கூட்டியே ஃபோர் எச் போட்டுவிடுங்கள். பழைய ஜிப்சியில் முன்சக்கரக் குடத்தின் நடுவிலுள்ள திருகையும் இறங்கிக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டியிருக்கலாம். சேற்றில் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு அதைத் தேடியவர்களை நான் அறிவேன். ஃபோர் எல் என்பது நான்கு சக்கரங்களும் மெதுவாக, அதிக இழுவையோடு சுழலும் நிலை; வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுக்க மிதித்துப் போட வேண்டும். வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும், இழுவை அதே அளவு கூடும். செங்குத்தான இறக்கத்தில் ஃபோர் எல் முதல் கியரில் விட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டால், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க வைக்கும். முதல்முறை காலை எடுக்க மனம் வராது. இரண்டாம் முறை பழகிவிடும்.

டயர் காற்றைக் குறைப்பதற்குப் பலர் சோம்பல் படுகிறார்கள். சாலைக்கு 26 பிஎஸ்ஐ வைக்கும் வண்டியில், கல்லும் செம்மண்ணும் கலந்த பாதைக்கு 20, 22 வரை இறக்கலாம். மணலென்றால் 16 வரை போகலாம். டயர் தரையில் படியும் பரப்பு நீள்வதால் பிடிமானம் கூடும், இடுப்பெலும்பும் பிழைக்கும். காற்றைக் குறைத்த பிறகு முப்பதுக்கு மேல் ஓட்டாதீர்கள், சட்டென்று திருப்பாதீர்கள். டயர் விளிம்பை விட்டு வெளியே வந்துவிடும்.

இவையெல்லாவற்றுக்கும் மேலாக நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: நடந்து பார்க்காத இடத்தில் சக்கரம் வைக்கக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்தில், திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கண்மாய்க்குள் குறுக்கு வழியாகப் போகலாம் என்று ஜிப்சியை இறக்கினேன். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் விரலை விடலாம். இதைவிடக் காய்ந்த நிலம் உண்டா என்ற நினைப்பில் முப்பது அடி போயிருப்பேன், முன்பக்கம் மெத்தையில் உட்கார்ந்ததுபோல அமுங்கியது. முடுக்கினேன், அதுதான் நான் செய்த இரண்டாவது தவறு. நான்கு சக்கரங்களும் தங்களுக்கான குழியைத் தாங்களே தோண்டிக்கொண்டு அச்சு வரை இறங்கின. கரைமேல் செம்மறிக் கிடையோடு நின்றிருந்த கீதாரி நிதானமாக இறங்கி வந்து பார்த்துவிட்டு, "மேலதாண்ணே காஞ்சிருக்கு, உள்ளுக்குள்ள உளை. எங்க ஆடே கரையோரமாத்தான போகுது, பாக்கலையா?" என்றார். ஒரு பாளத்தைப் பெயர்த்துத் திருப்பிக் காட்டினார். மேல்புறம் சாம்பல் நிறத்தில் ஓடுபோல இருந்தது. அடிப்புறம் கன்னங்கரேலென்று, எண்ணெய் பூசியதுபோல ஈரம் மினுங்கியது. ஊரிலிருந்து டிராக்டர் வந்து இழுத்துப்போட மாலையாகிவிட்டது. மறுநாள் நான்குவழிச் சாலையில் அறுபதைத் தாண்டியதும் வண்டி ஆடத் தொடங்கியதற்குக்கூட, சக்கரங்களின் உள்வளையத்தில் அப்பிக் காய்ந்திருந்த கரிசல்தான் காரணம்.

அன்றிலிருந்து கடப்பாரை இல்லாமல் நான் போவதில்லை. ஐயமுள்ள இடத்தில் அதை ஒரு முழ ஆழத்துக்குக் குத்தி எடுத்துப் பார்க்கிறேன். நுனியில் ஈரமண் ஒட்டி வந்தால் திரும்பிவிடுகிறேன். பேரையூர், கள்ளிக்குடி, திருமங்கலம் பக்கத்துக் கரிசலுக்கு இந்தச் சோதனை கட்டாயம். ஒரு மழை பெய்துவிட்டால் சோதனைகூட வேண்டாம், அந்தப் பக்கமே போக வேண்டாம். கரிசல் டயரின் பள்ளங்களை அடைத்துக்கொண்டு அதை வழவழப்பான உருளையாக மாற்றிவிடும், அப்புறம் நான்கு சக்கரமும் இழுத்து ஒரு பயனும் இல்லை. மேலூர், நத்தம் பக்கத்துச் செம்மண் அவ்வளவு படுத்தாது. மழை விட்ட மறுநாளே ஓரளவு இறுகிவிடும். அங்கே வேறு தொல்லை: மழைநீர் அரித்த வாய்க்கால்களில் எதிரெதிர் மூலைச் சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பிவிட்டால், அச்சின் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிணைக்கும் பூட்டோ, சுழலும் சக்கரத்தைத் தானாகவே பிரேக் பிடிக்கும் வசதியோ இல்லாத வண்டியில் அந்த இரண்டும் வெறுமனே சுழலும், தரையிலிருக்கும் இரண்டும் சும்மா நிற்கும். அரிப்பை நேர்குறுக்காக அல்லது ஒருபக்கச் சக்கரங்கள் மேட்டிலேயே இருக்குமாறு கடப்பதற்கு, ஒருவர் முன்னால் இறங்கி நின்று கைகாட்ட வேண்டும்.

மாட்டிக்கொண்டுவிட்டால் முதலில் முடுக்கியிலிருந்து காலை எடுங்கள். வந்த தடத்திலேயே பின்னால் எடுக்க முடிகிறதா என்று மெதுவாக ஒருமுறை முயலலாம். முடியாவிட்டால் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மண்ணை வெட்டிச் சரிவு உண்டாக்கி, சாக்கையோ தென்னமட்டையையோ அடியில் திணிக்க வேண்டும்; பெரும்பாலும் இதிலேயே வண்டி ஏறிவிடும். இன்னொரு வண்டியால் இழுப்பதானால் கயிற்றை வண்டியின் அடிச்சட்டகமான சேசிஸில் உறுதியாகப் பொருத்திய கொக்கியில் மட்டுமே மாட்டுங்கள். பம்பரிலோ, டிரெய்லரைக் கோக்கும் உருண்டையிலோ மாட்டினால், அது பிய்ந்து எறிகல்போலப் பாயும். கயிற்றின் நடுவில் வண்டிக்குள் விரிக்கும் ஒரு கால்மிதியையோ கனத்த ஈரத்துணியையோ போட்டு, ஓட்டுநர்களைத் தவிர மற்ற எல்லோரும் கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தொலைவில் விலகி நின்ற பிறகே இழுக்கத் தொடங்க வேண்டும். வேடிக்கை பார்க்க வரும் சிறுவர்களை அப்புறப்படுத்துவதும் உங்கள் பொறுப்புதான்.

தை மாதத்தில் ஆறேகால் மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். நாலு மணிக்கெல்லாம் இடத்தைச் சேர்ந்துவிட வேண்டும். தென்னைக்கு நேர் கீழே கூடாரம் போடக் கூடாது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் நிழலைப் பார்த்து ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அங்கேதான் துணியை விரிக்கிறார். காய் மட்டுமல்ல, காய்ந்த மட்டையும் விழும். பனைக்கும் அதுவே. புற்று, கற்குவியல், வைக்கோல் படப்பு, விறகு அடுக்கு ஆகியவற்றிலிருந்து தள்ளி, சற்று மேடான, புல்லில்லாத தரையாகப் பார்க்க வேண்டும். மலைப்பாறை முகட்டில் தேனடை தொங்கினால் அதன் அடியில் புகை போடாதீர்கள். இரு வண்டிகளையும் வெளியேறும் திசைக்கு முகம் காட்டி நிறுத்திவிட்டு, இருட்டுவதற்கு முன் எல்லோரும் சேர்ந்து சுற்றுப்புறத்தை ஒருமுறை நடந்து வாருங்கள். கிணறு எங்கே, வரப்பு எங்கே என்பது காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தரையில் பாய் விரித்துப் படுப்பதை நான் அனுமதிப்பதே இல்லை. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் படுத்திருப்பவரின் அருகில் வந்து, வலியே தெரியாமல் கடித்துவிட்டுப் போகக்கூடியது. அடித்தளம் தைத்த, ஜிப் முழுக்க மூடும் கூடாரத்திலோ, இருக்கைகளைச் சாய்த்து வண்டிக்குள்ளேயோ உறங்குவதுதான் பாதுகாப்பு. வண்டிக்குள் உறங்குபவர்கள் எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கக் கூடாது. புகை உள்ளே புகுந்தால் விழித்தெழ வாய்ப்பில்லை. கடி பட்டுவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்தோ நேரே வண்டியிலோ அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அந்த இடத்தில் செல்பேசிக் கோபுரம் கிடைக்கிறதா என்று பகலிலேயே பார்த்து வைப்பது இதற்காகத்தான்.

நெருப்பைப் பற்றி ஒரே வரி: தரையில் மூட்ட வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சிறிய எரிவாயு அடுப்பு சமையலுக்குப் போதும். இரவுக்கு வீட்டிலிருந்தே புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்விட்டு, காலையில் ஒரு உப்புமா, சுக்குக் காப்பி என்று எளிமையாக வைத்துக்கொண்டால், பாத்திரம் கழுவும் தண்ணீரும் மிச்சம். குடிக்க மட்டும் ஆளுக்கு ஐந்து லிட்டர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காலைக்கடனுக்குக் கிணறு, வாய்க்கால் முதலியவற்றிலிருந்து குறைந்தது அறுபது மீட்டர் தள்ளி, அரையடிக்கு மேல் குழி தோண்டி மூட வேண்டும். குப்பை முழுவதும், பக்கத்தில் முன்பே யாரோ போட்டுவிட்டுப் போனது உட்பட, நம்மோடு சாக்கில் திரும்பும். கிளம்புமுன் தோப்புக்காரரிடம் நேரில் சொல்லிக்கொண்டு புறப்படுவது மரியாதை. அவர் வந்து இடத்தைப் பார்த்தால் இன்னும் நல்லது.

தார்ச் சாலை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மரத்தடியாக நிறுத்தி, நான்கு டயர்களையும் கையால் தடவி முள் பாருங்கள். உள்வளையத்தில் ஒட்டிய மண்ணைச் சுள்ளியால் சுரண்டுங்கள். எஞ்சினை ஓடவிட்டுக் கருவியை மாட்டினால், ஒரு டயருக்கு நாலைந்து நிமிடத்தில் காற்று ஏறிவிடும். பிறகு குட்டிக் கம்பியை டூ எச்சுக்குத் தள்ளி, ஜிப்சியானால் சக்கரத் திருகையும் விடுவித்து, சில அடி பின்னால் எடுத்துப் பார்த்துவிட்டுச் சாலையில் ஏறலாம்.